12 வருஷம் கழித்து மேல்தாடையில் வேறொரு கட்டி – கரண்ட் வைத்ததுதான் காரணமா?

கொடிவேலி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு 48 வயதில் நாசித்தொண்டையில் புற்றுநோய் வந்தது. மூக்குக்குப் பின்னால், உள்ளே ஒளிந்திருக்கிற இடம். அங்கே அறுவை செய்வது கஷ்டம் என்று சொல்லி 35 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், மொத்தம் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு). கூடவே கீமோவும். அதற்குப் பிறகு 12 வருஷம் அப்பா நன்றாகத்தான் இருந்தார். வாய் வறண்டுபோகும், தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார், இடது காது மந்தம். அவ்வளவுதான். ஐந்து வருஷம் முடிந்ததும் இனி வரத் தேவையில்லை என்றார்கள். நாங்களும் போகவில்லை.

நாலு மாசத்துக்கு முன்னால் இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். சவரம் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லையாம். பிறகு மேல்தாடைப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பல் மருத்துவரிடம் போனோம். பழைய சிகிச்சையைப் பற்றி அவரிடம் சொன்னோமா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. பல்லைப் பிடுங்கினார்கள், குழி ஆறவே இல்லை. கரண்ட் வாங்கிய எலும்பு செத்துப்போயிருக்கிறது, மெல்லத்தான் ஆறும் என்று ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பத்து வாரம் ஓடிவிட்டது. குழிக்குள்ளிருந்து சதை மாதிரி ஒன்று எட்டிப்பார்த்த பிறகுதான் பயாப்ஸி எடுத்தார்கள். நேற்று ரிப்போர்ட் வந்தது. சார்கோமா, வேகமாக வளரும் வகை என்று போட்டிருக்கிறது.

இது பழைய நோய் திரும்பியதா, புதிதா? கரண்ட் வைத்ததால் வந்ததா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் படிவத்தில் அப்பாவோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவள் நான். எனக்கு அப்போது 22 வயது. பிற்காலத்தில் வேறு புற்று வரக்கூடும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். இரண்டு நாளாக அந்த வரியே கண்முன் நிற்கிறது.

அந்திமல்லி

கொடிவேலி, தலை கழுத்து அறுவை வார்டில் 15 வருஷமாகச் செவிலியாக இருக்கிறேன். காரணத்தைப் பிறகு பேசலாம். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? விழுங்க முடிகிறதா? வாய் எவ்வளவு திறக்கிறது? அவருடைய விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

அடுத்தது, பழைய சிகிச்சைக் குறிப்பு. எத்தனை கிரே, எந்தப் பகுதிக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன கீமோ. டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது. கதிர்வீச்சுப் பிரிவில் திட்டப் படங்கள் தனியாக இருக்கும், சிடியில் கேளுங்கள். 12 வருஷம் ஆனாலும் பல இடங்களில் வைத்திருப்பார்கள். பழைய பயாப்ஸியின் ஸ்லைடும் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டையும் கிடைத்தால் இன்னும் நல்லது.

பல் மருத்துவரிடம் சொன்னோமா என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

நுண்வில்லை

நோய்க்குறியியல் துறை என்னுடையது, நுண்ணோக்கியில் திசு பார்க்கிற வேலை. முதல் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

நாசித்தொண்டையில் வருவது பெரும்பாலும் கார்சினோமா, அதாவது மேல்தோல் போன்ற உள்வரிச் செல்களில் பிறப்பது. சார்கோமா என்பது எலும்பு, தசை, நார்த்திசு, இரத்தக் குழாய் இவற்றில் பிறப்பது. வம்சமே வேறு. ஆகவே ரிப்போர்ட் சரியாக இருந்தால் இது பழைய நோய் திரும்பியதல்ல, புதிய நோய்.

"சரியாக இருந்தால்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கார்சினோமாவே சில சமயம் உருமாறி, இரு முனையும் கூர்ந்த செல்களாக நீண்டு, பார்ப்பதற்கு அச்சு அசலாகச் சார்கோமா மாதிரி நிற்கும். கதிர் வாங்கிய திசுவில் நல்ல நார்ச்செல்கள்கூடக் கோணல்மாணலாக, பெரிய கருவோடு தெரியும். வெறும் இளஞ்சிவப்பு ஊதா சாயத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாத இடம் இது. கார்சினோமாவைக் காட்டிக்கொடுக்கும் கெரட்டின், பி40 போன்ற சாயங்களைப் போட்டார்களா என்று கேளுங்கள். இரண்டும் பிடிக்காமல், எலும்பு அல்லது தசை அல்லது குழாய்க்கான சாயம் ஏதாவது பிடித்தால் சார்கோமா என்பது ஏறக்குறைய உறுதியாகும். நாசித்தொண்டைப் புற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயம் பெரும்பாலும் இருக்கும். புதிய திசுவில் அதைத் தேடிப் பார்ப்பதும் உதவும். முதுமொழி மாதிரி எங்கள் துறையில் சொல்வது: பழைய ஸ்லைடைப் பக்கத்தில் வைக்காமல் புதியதைப் படிக்காதே.

கதிரால் வந்ததா என்பதற்கு 1948இல் கேஹன் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிவைத்த அளவுகோலைத்தான் சில திருத்தங்களோடு இன்றும் கையாள்கிறோம். புதிய கட்டி கதிர் பட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும், அந்த இடம் முன்பு நோயில்லாமல் இருந்திருக்க வேண்டும், இடையில் சில வருஷங்கள் நோயில்லாமல் கழிந்திருக்க வேண்டும், திசு வகை பழைய நோயிலிருந்து வேறாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நான்கும் பொருந்துவது போலத்தான் தெரிகிறது. மேல்தாடை எல்லைக்குள் வருமா என்று பழைய திட்டப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆற்றுமணல்

எனக்கு நாக்கில் புற்று வந்து அறுவை முடிந்து 30 நாள் கரண்ட் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆறாவது வருஷம் உணவுக்குழாயில் இன்னொன்று வந்தது. நெஞ்சுக்கு நடுவில் கவளம் நின்று நின்று இறங்கியது, சும்மா வாயு என்றுதான் நினைத்தேன். எண்டோஸ்கோப்பியில் ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்டது, உள்ளிருந்தபடியே எடுத்தார்கள்.

அப்போது வீட்டிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லாரும் சொன்னது கரண்ட் வைத்ததால்தான் இது என்று. நான் 24 வருஷம் புகையிலை போட்டவன், குடித்தவன். மருத்துவர் படம் போட்டுக் காட்டினார்: கதிர் பட்டது வாயிலும் கழுத்திலும், இரண்டாவது புற்று வந்தது அதற்கு வெகு கீழே. கரண்ட் தொடாத இடம்.

இரண்டாவது கேன்சர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கரண்டைத் திட்டினால் புகையிலை தப்பித்துவிடும்.

நுண்வில்லை

ஆற்றுமணல் ஐயா சொன்னது முக்கியம். 1953இலேயே ஸ்லாட்டர் என்பவரும் வேறு இருவரும் 783 வாய்ப்புற்று நோயாளிகளின் திசுக்களைப் பார்த்து எழுதினார்கள். கட்டியைச் சுற்றி, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற திசுவும் கெட்டுப்போயிருந்தது. ஒரே வயலில் ஒரு செடிக்கு மட்டும் நோய் என்று நினைத்தோம், மண்ணே நனைந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையும் மதுவும் உதட்டிலிருந்து நுரையீரல், உணவுக்குழாய் வரை அந்த மண்ணை நனைக்கின்றன.

தலை கழுத்துப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில் இரண்டாம் புற்று வந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி இந்த வயல் விவகாரம். எச்பிவி வைரஸால் தொண்டையில் வந்து, புகை பழக்கமும் இல்லாதவர்களுக்கு இது குறைவு. கதிரால் வரும் சார்கோமாவோ, கதிர் வாங்கியவர்களில் 1 சதவீதத்துக்கும் வெகு கீழே. கொடிவேலியின் அப்பாவுக்கு வந்திருப்பது அந்த அரிய வகை.

தென்றல்77

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். என் அண்ணனுக்குக் குரல்வளையில் புற்று. வரும் திங்கள்கிழமை கரண்ட் ஆரம்பம். மாஸ்க் எல்லாம் செய்துவிட்டார்கள். இந்த இழையைப் படித்த பிறகு கை நடுங்குகிறது. இது வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று அண்ணனிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். இன்றைக்கு இருக்கிற நோயைத் தீர்க்கப்போய் நாளைக்கு ஒன்றை வாங்கிக்கொள்வதா?

நிறமாலை

தென்றல்77, திங்கள்கிழமை அண்ணன் போகட்டும். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை விளக்குகிறேன். நான் கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். கட்டிக்கு எவ்வளவு, பக்கத்திலிருக்கும் நரம்புக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பது என் வேலை. உங்கள் அண்ணனின் மாஸ்க் மாதிரி ஒன்று இப்போதும் என் மேசைமேல் கிடக்கிறது: வெந்நீரில் போட்டால் துணி மாதிரி தொய்யும் வெள்ளை வலை, முகத்தில் பதித்து ஆறவிட்டால் மூக்கு முழி அப்படியே நிற்கும்.

கதிர் என்ன செய்கிறது? செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏ ஏணியின் இரண்டு கால்களையும் ஒரே இடத்தில் முறிக்கிறது. புற்றுச்செல்லுக்குப் பழுதுபார்க்கும் திறமை குறைவு, அடுத்த முறை பிரியும்போது செத்துப்போகும். நல்ல செல் ஒரு ராத்திரிக்குள் பெரும்பாலும் ஒட்டுப்போட்டுக்கொள்ளும். 70 கிரேயை ஒரே நாளில் கொடுக்காமல் 2, 2 கிரேயாக ஏழு வாரம் இழுப்பது இந்த ராத்திரிகளுக்காகத்தான். எங்கோ ஒரு நல்ல செல்லில் ஒட்டு கோணலாக விழும். அது சாகாது, உடனே பெருகவும் செய்யாது. மேலும் சில தவறுகள் சேர வேண்டும். அதனால்தான் இரத்தப்புற்று என்றால் சில வருஷங்களிலும், கட்டிகள் என்றால் பெரும்பாலும் பத்து வருஷத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ தலைகாட்டுகின்றன.

என் திரையில் கதிரின் அளவு மலைப் படம் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். நடுவே சிவப்பு, வெளியே போகப்போக மஞ்சள், பச்சை, நீலம். நீலத்துக்கு வெளியேயும் கொஞ்சம் கசிவு இருக்கும். எந்தப் புற்று எந்த வளையத்தில் வரும் என்பது ஒரே மாதிரி இல்லை. சார்கோமா பெரும்பாலும் அதிக அளவு வாங்கிய சிவப்பு, மஞ்சள் பகுதியில். தைராய்டு புற்று அப்படியல்ல. சிறுவயதில் குறைந்த அளவு பட்டாலே வாய்ப்பு ஏறும், 20, 30 கிரேயைத் தாண்டினால் அந்த வாய்ப்பு இறங்கத் தொடங்கும். அவ்வளவு கதிரில் கெட்டுப்போக வேண்டிய செல்லே செத்துவிடுகிறது.

குறைந்த அளவும் சும்மா விடாது என்பதை உலகம் கற்றுக்கொண்டது ஒரு வருத்தமான வழியில். 1948க்கும் 1960க்கும் இடையில் இஸ்ரேலில் தலையில் படர்தாமரை வந்த சுமார் 11,000 குழந்தைகளுக்கு முடி உதிரவைக்க எக்ஸ்ரே கொடுத்தார்கள். மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரேதான். பல வருஷம் கழித்து மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவும் தைராய்டு புற்றும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. புற்றே இல்லாத குழந்தைகள் அவர்கள். படர்தாமரைக்குக் கதிர் கொடுத்தது தப்பு என்று இன்று தயங்காமல் சொல்லலாம். குரல்வளைப் புற்றுக்குக் கொடுப்பதை அதோடு ஒப்பிட முடியாது. உங்கள் அண்ணனுக்கு இருக்கிற நோய் இந்த வருஷத்து நோய். சிகிச்சை இல்லாமல் விட்டால் அது பத்து வருஷம் காத்திருக்காது.

வேறு வழி பார்ப்பதென்றால், அறுவை ஒன்று இருக்கிறதா, அது குரலை எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நியாயமான கேள்வி. மருந்தில்லாத வழி என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள்.

தென்றல்77

நன்றி ஐயா. அண்ணனுக்கு வயது 54. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐஎம்ஆர்டி என்று புதிய முறையில் கொடுக்கப் போகிறார்கள். அதில் இந்த ஆபத்து குறைவுதானே?

நிறமாலை

ஆமாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை.

ஐஎம்ஆர்டி பல திசைகளிலிருந்து கதிரைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பி, கட்டியின் வடிவத்துக்கே வளைக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காப்பாற்ற முடிகிறது. 2011இல் வெளிவந்த பார்ஸ்போர்ட் ஆய்வில் வாய் வறட்சி தெளிவாகக் குறைந்தது. ஆனால் பல திசை என்றால் அதிக உடம்புப் பகுதி கொஞ்சம் கொஞ்சம் நனைகிறது. இயந்திரமும் அதிக நேரம் ஓடுவதால் கசிவும் கூடுகிறது. எரிக் ஹாலும் வூவும் 2003இல் போட்ட கணக்கில், பத்து வருஷம் பிழைத்திருப்பவர்களில் கதிரால் வரும் இரண்டாம் புற்று 1 சதவீதத்திலிருந்து 1.75 சதவீதமாகலாம் என்று வந்தது. அது மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆட்களை எண்ணிச் சொன்னது அல்ல.

என் அபிப்பிராயம்: 54 வயதுக்காரருக்கு, சோற்றை விழுங்க உமிழ்நீர் மிஞ்சுவது அந்த முக்கால் சதவீதத்தைவிடப் பெரிய விஷயம். ஆறு வயதுக் குழந்தை என்றால் என் பதில் மாறும். அங்கே புரோட்டான் கதிர் கிடைத்தால் அதைத்தான் கேட்பேன், அது கட்டியைத் தாண்டி ஏறக்குறைய எதையும் நனைக்காமல் நின்றுவிடும்.

அண்ணன் புகைக்கிறாரா? அதை நிறுத்துவது என் திட்டத்தில் நான் எவ்வளவு மெனக்கெட்டாலும் கொடுக்க முடியாத பலனைக் கொடுக்கும்.

நலம்நாடி

கதிர் செல்லைக் கெடுப்பது ஃப்ரீ ராடிக்கல் என்கிற, சட்டென்று வினைபுரியும் ஆக்ஸிஜன் துகள்களால்தானே. அப்படியானால் சிகிச்சையின்போதே வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டால் பிற்காலப் பாதிப்பு குறையும். என் மைத்துனருக்கு நான் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் செய்யலாம்.

நுண்வில்லை

நலம்நாடி, நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தயவுசெய்து வேண்டாம். இதே யோசனையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கதிர்சிகிச்சை பெற்ற ஆரம்பநிலைத் தலை கழுத்துப் புற்று நோயாளிகள் 540 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வைட்டமின் ஈ, மறுபகுதிக்கு வெற்று மாத்திரை. முதலில் பீட்டா கரோட்டினும் சேர்த்திருந்தார்கள், புகைப்பவர்களுக்கு அதனால் நுரையீரல் புற்று கூடியதாக வேறொரு ஆய்வு சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். 2005இல் வந்த முடிவு: மாத்திரை எடுத்த காலத்தில் இரண்டாம் புற்று வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம்தான் அதிகம். கதிர் புற்றுச்செல்லை முறிப்பதும் அதே துகள்களால்தான், யாருக்குக் கேடயம் கொடுக்கிறோம் என்று மாத்திரைக்குத் தெரியாது.

இரண்டாம் புற்றைத் தடுக்க மருந்து தேடியவர்கள் வேறு வழியும் பார்த்தார்கள். வைட்டமின் ஏ வகை மருந்தான ஐசோட்ரெட்டினாயின் 1990இல் சிறிய ஆய்வில் பெரிய நம்பிக்கை கொடுத்தது. குறைந்த அளவில் 1,190 பேருக்குக் கொடுத்த ஆய்வில், 2006இல் முடிவு வந்தபோது, பலன் இல்லை. அதே ஆய்வில் புகையைத் தொடர்ந்தவர்களுக்கு இரண்டாம் புற்று அதிகம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நலம்நாடி

இது தெரியாது. மைத்துனரிடம் இன்றே நிறுத்தச் சொல்கிறேன். சிகிச்சை இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அந்திமல்லி

நல்லது. அவருடைய மருத்துவரிடமும் இதுவரை எடுத்ததைச் சொல்லிவிடுங்கள்.

சிறுகுருவி

நிறமாலை ஆறு வயதுக் குழந்தை என்று சொன்னதும் நின்றுவிட்டேன். அந்தக் குழந்தை நான்தான். தொண்டைக்குப் பின்னால் தசைப்புற்று, ஆறு வயதில் கரண்ட். இப்போது 33. கழுத்தின் இடது பக்கம் வலதைவிடச் சின்னது, முகம் கொஞ்சம் ஒருபக்கம் இழுக்கும். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கீழே விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

30 வயதில் வேறு எதற்கோ இரத்தம் பார்த்தபோது தைராய்டு சரியில்லை என்றார்கள். ஸ்கேனில் ஒரு முடிச்சு. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் பாப்பிலரி என்கிற வகைத் தைராய்டு புற்று. தைராய்டை எடுத்துவிட்டார்கள், இன்றைக்கு நன்றாக இருக்கிறேன்.

குழந்தைப் புற்றிலிருந்து மீண்டவர்களின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், குழந்தை பெரியவனானதும் அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். எவ்வளவு, எங்கே என்று எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். என் அம்மா பயந்து அந்தத் தாள்களை எரித்துவிட்டார். அவர் பாவம். ஆனால் என் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று 24 வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நிறமாலை

சிறுகுருவி, நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிக்கக் கொடுக்க ஆசைப்படுகிறேன், அனுமதித்தால்.

கழுத்தில் கதிர் வாங்கிய யாராக இருந்தாலும், பெரியவரோ சிறியவரோ, ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்கிற தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். தைராய்டு மந்தமாவது மிகச் சாதாரணம், புற்று அரிது. இரண்டுக்கும் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்.

சிறுகுருவி

தாராளமாக.

கொடிவேலி

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆற்றுமணல் ஐயாவின் பதிலை மட்டும் இரண்டு முறை கேட்டார்.

ஸ்லைடு இரண்டாவது இடத்தில் பார்க்கப்பட்டது. கெரட்டின் இல்லை, பி40 இல்லை, வைரஸ் தடயமும் இல்லை. எலும்புச் சார்கோமா என்று உறுதி செய்திருக்கிறார்கள். பழைய திட்டப் படமும் கிடைத்தது. இடது மேல்தாடையின் பின்பகுதி முழுக்க 60 கிரேக்கு மேல் வாங்கியிருக்கிறது. நெஞ்சில் ஸ்கேன் சுத்தம். நாசித்தொண்டையில் பழைய இடமும் சுத்தம். மருத்துவக் குழு கூடி அறுவைதான் என்று முடிவு செய்திருக்கிறது. இடது மேல்தாடையை எடுத்துவிட்டு, அண்ணத்தில் விழும் ஓட்டையைத் தட்டு வைத்து மூடுவார்களாம்.

மறுபடி கரண்ட் வைக்க முடியாதா என்று கேட்டேன். முதல் தெரிவு அது இல்லை என்றார்கள். நிறமாலை ஐயா, ஏன் என்று சொல்ல முடியுமா?

நிறமாலை

உடம்புக்கு ஞாபகசக்தி இருக்கிறது. மூளைத்தண்டு, பார்வை நரம்பு, மூளையின் பக்கமடல் எல்லாம் 12 வருஷத்துக்கு முன் வாங்கியதில் ஒரு பகுதியை இன்னும் கணக்கில் வைத்திருக்கின்றன. மேலே இன்னொரு முழு அளவு விழுந்தால் எலும்பு சாகலாம், பார்வை போகலாம், கழுத்துப் பெருந்தமனியின் சுவரே கிழியலாம். செய்யவே மாட்டோம் என்றில்லை. வெட்டிய ஓரம் புற்றில்லாமல் சுத்தமாக வரவில்லையென்றால் குறுகிய எல்லைக்குள் யோசிப்போம். ஆனால் இந்த வகை சார்கோமாவில் ஓரம் சுத்தமாக எடுக்கப்பட்டதா என்பதுதான் பெரும்பாலும் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அறுவையை முன்னால் வைத்தது சரி.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாசித்தொண்டைப் புற்றுக்கு அன்றும் இன்றும் கதிர்தான் முதன்மைச் சிகிச்சை. நானாக இருந்தால், எனக்குத் தெரிந்த இத்தனையும் தெரிந்துகொண்டே, என் அப்பாவுக்கு அதே இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆற்றுமணல்

அப்பாவிடம் சொல்லுங்கள் அம்மா, நாக்கில் பாதி இல்லாமல் நான் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. முதல் மாதம் யாருக்கும் புரியாது. பிறகு வீட்டில் இருப்பவர்களுக்குக் காது பழகிவிடும்.

தென்றல்77

அண்ணனுக்கு ஐந்து நாள் முடிந்தது. சிகரெட் டப்பாவை அவரே என்னிடம் கொடுத்துவிட்டார்.

கொடிவேலி

அறுவை முடிந்து ஒன்பது நாள். எட்டு மணி நேரம் ஆனது. பேத்தாலஜி ரிப்போர்ட் நேற்று வந்தது. ஓரங்கள் சுத்தம், பின்பக்கம் மட்டும் 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அது நெருக்கம் என்று சொல்கிறார்கள். புண் ஆறியதும் கீமோ கொடுக்கலாமா என்று பேசுகிறார்கள். முதல் இரண்டு வருஷம் அடிக்கடி வரவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நாள் என்று கேட்டேன். இருக்கிற வரைக்கும் வருஷம் ஒருமுறை என்றார் அறுவை மருத்துவர். போன தடவை ஐந்து வருஷத்தில் நிறுத்தியதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பரணில் ஒரு பெட்டிக்குள் அப்பாவின் பழைய மாஸ்க் இருந்தது. 48 வயது முகம். இடது கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது அதில். மேலே ஒட்டிய டேப்பில் பேனாவால் போட்ட குறுக்குக் கோடு இன்னும் அழியவில்லை. அப்பா அதைக் கையில் வாங்கி, உள்பக்கமாகத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்திமல்லி அக்கா, நாளைக்குத் தற்காலிகத் தட்டை மாட்டிவிட்டு வாய் வழியாகக் கொடுக்க ஆரம்பிக்கலாம் என்றார்கள். இன்றைக்குத் தண்ணீர் ஒரு வாய் கொடுத்தபோது மூக்கு வழியாக வந்துவிட்டது, அப்பா பயந்துபோனார். முதலில் என்ன கொடுக்கட்டும்?

அந்திமல்லி

தட்டு இல்லாமல் கொடுத்தால் மூக்கில் வரத்தான் செய்யும், அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. நாளைக்குத் தட்டை மாட்டி, நன்றாக உட்காரவைத்துக் கொடுங்கள். வெறும் தண்ணீரில் ஆரம்பிக்காதீர்கள், அது ஓரத்தில் கசிந்து ஏறும். கூழ் பதத்தில், சூடில்லாமல், டீஸ்பூனில் பாதி. வலது பக்கமாக வைத்து, வாயை மூடி, விழுங்கச் சொல்லுங்கள். ஒன்று முழுசாக இறங்கிய பிறகு அடுத்தது. இருமினால் நிறுத்திவிட்டு வார்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், விழுங்கும் பயிற்சியாளர் ஒருமுறை பார்க்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழற்றிக் கழுவி, குழியையும் உப்புநீரால் கொப்பளிக்கவைத்து, உடனே திரும்ப மாட்டுங்கள். வலிக்கிறது என்று நாள்கணக்கில் கழற்றி வைத்துவிடாதீர்கள், சதை சுருங்கி மறுபடி பொருந்தாது. வலி இருந்தால் தட்டைத்தான் ராவ வேண்டும், செய்து கொடுத்தவரிடம் அன்றைக்கே எடுத்துப் போங்கள்.

கூடவே தினமும் அந்த மூன்று விரல். மறக்காமல்.